ஃபிளாட் வாங்கியாச்சு... அசோசியேஷன் சொல்றதெல்லாம் சட்டமா? குடியேறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பத்திரப்பதிவு முடிந்து சாவி கைக்கு வந்திருக்கும். பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் கூடாது, நாய் வளர்க்கக் கூடாது, இன்டீரியர் வேலைக்கு டெபாசிட் கட்டணும், வீட்டு வேலைக்கு வர்றவங்க மெயின் லிஃப்ட்ல ஏறக் கூடாது...

"நம்ம வீடு, நம்ம காசு. இவங்க யாரு கேக்குறதுக்கு?" என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தப் பட்டியலில் சிலது செல்லும், சிலது செல்லாது.

ஃபிளாட் வாங்குபவர் நான்கு சுவரை மட்டும் வாங்குவதில்லை. நிலத்தில் யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத பங்கும் அவருக்கு வருகிறது. படிக்கட்டு, லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டி எல்லாம் பொது. அதைப் பராமரிக்கத்தான் சங்கம். மெயின்டனன்ஸ் கட்டுவதை வீடு வாங்கியவரின் கடமையாகவே ரேரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. டிரில்லிங் நேரம், குப்பை பிரிப்பது, பில்லர், பீமில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் நியாயமான விதிகள். இதில் சண்டை போட்டுப் பயனில்லை.

முதலில் கேட்க வேண்டியது பைலா. சங்கத்தின் எழுதப்பட்ட விதி அதுதான். பைலா சட்டத்தை மீற முடியாது. கமிட்டி போடும் சர்க்குலர் பைலாவை மீற முடியாது. செயலாளர் வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜுக்கு அந்த இரண்டின் பலமும் கிடையாது. "இது பைலாவில் எந்தப் பிரிவு சார்?" என்ற ஒரு கேள்விக்கே பாதி விதிகள் காணாமல் போய்விடும்.

நாய் வளர்க்கவே கூடாது என்ற தடையை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்காக லிஃப்டில் நாய் அசிங்கம் செய்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட் என்ற விதிக்கோ எந்தப் பராமரிப்புக் காரணமும் கிடையாது. பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்டால்தான் அது மாறும்.

அடுத்து பார்க்கிங். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது, அது பொது இடம் என்று மகாராஷ்டிரா வழக்கு ஒன்றில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் "கார் பார்க்கிங் உங்களுக்குத்தான்" என்ற வாய்வார்த்தையை நம்பக் கூடாது. எந்த எண் இடம் ஒதுக்கப்பட்டது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியையும் கவனிக்கணும். சங்கத்தின் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மெயின்டனன்ஸும் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் வரி. முழுத்தொகைக்கும் வரி என்றது வரித்துறை. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 9,000 ரூபாய் கட்டுபவருக்கு முதல் கணக்கில் 1,620 ரூபாய் வரி. இரண்டாவதில் 270 ரூபாய். உங்கள் சங்கம் எந்தக் கணக்கில் வசூலிக்கிறது என்று கேளுங்கள்.

புது கட்டடம் என்றால் இன்னொரு விஷயம் இதையெல்லாம் விடப் பெரியது. சங்கமே இன்னும் உருவாகாமல், பில்டரின் ஆட்களே பணம் வசூலித்துக்கொண்டிருப்பார்கள். பாதிக்கு மேல் வீடுகள் புக் ஆனதிலிருந்து 3 மாதத்துக்குள் சங்கம் அமைக்க பில்டர் வழிசெய்ய வேண்டும் என்கிறது ரேரா. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை, தரக்குறை தெரிந்தால், புகார் கொடுத்த 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்து தரணும். அடித்தளத்தில் தண்ணீர் கசிவதையோ லிஃப்ட் அடிக்கடி நிற்பதையோ ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். சங்கம் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாகணும். நாய்க்குட்டிக்காகச் சண்டை போட்டே அந்த 5 ஆண்டைக் கரைத்த குடியிருப்புகளும் உண்டு.

ஓட்டும் முக்கியம்தான். 1994ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட அது வழிசெய்கிறது. மீட்டிங்குக்கே போகாதவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த முடிவு.

கைமாறி வரும் பழைய ஃபிளாட் என்றால் ஒரு வேலை கூடுதல். முந்தைய உரிமையாளர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருந்தால் சங்கம் புதியவரிடம்தான் வந்து நிற்கும். பாக்கி இல்லை என்ற கடிதத்தைச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் பதிவுக்கு முன்பே வாங்குங்கள். கார்பஸ் ஃபண்டில் அவர் கட்டிய தொகை உங்கள் பெயருக்கு மாறுமா, புதிதாகக் கட்டணுமா என்பதையும் அதே கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.