நடுவில் இருக்கும் அந்த ஒரு நட்

அமெரிக்காவில் சொந்தக் காரைத் தானே கழற்றிப் பார்க்கும் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மெக்கானிக் கூலியை நினைத்தால் யாருக்கும் ஸ்பேனரைக் கையில் எடுக்கத்தான் தோன்றும். தப்பே இல்லை. ஆனால் பின்சக்கரத்து ஸ்ட்ரட் விஷயத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் இறங்க வேண்டும்.

1993 முதல் 2002 மாடல் வரை அங்கே விற்ற டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொள்ளலாம். முன்னாலும் ஸ்ட்ரட், பின்னாலும் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றியுள்ள காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே உருப்படி. (1940களில் எர்ல் மக்பெர்சன் என்ற பொறியாளர் யோசித்த ஏற்பாடு இது. லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் 1957-ல் பின்சக்கரத்துக்குப் பயன்படுத்தியதால் பின்னால் இருப்பதைச் சாப்மன் ஸ்ட்ரட் என்றும் சொல்வார்கள்.)

இந்த உருப்படியை அப்படியே வெளியே எடுப்பது வீட்டிலேயே நடக்கிற வேலைதான். சமதளம், முன்சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்ட். பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, கீழே இரண்டு பெரிய போல்ட், மேலே மூன்று நட். மேல் நட்டுகளைப் பிடிக்கப் பின்சீட்டின் முதுகைக் கழற்ற வேண்டிவரும். புத்தகத்தில் இதெல்லாம் ஒரு பக்கம். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் ஊர்களில் துருப்பிடித்த ஒரு போல்ட்டே ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றுவிடும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் அடித்து வைப்பவர் புத்திசாலி.

விவகாரம் இங்கேதான். மேலே அந்த மூன்று நட்டுக்கு நடுவில் இன்னொரு நட் இருக்கிறது. ஷாக் அப்சார்பர் தண்டைப் பிடித்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கை உள்ளே அமுக்கி வைத்திருப்பதும் அதுதான். சுமார் 1,100 கிலோ காரில் பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. காரைத் தூக்கிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். கொஞ்சம் தளரும், முழுசாக அல்ல. ஸ்ட்ரட்டைக் கையில் எடுத்த பிறகும் அது அமுங்கித்தான் இருக்கும். நடு நட்டை அப்படியே திருப்பினால் மவுன்ட் முகத்தை நோக்கிப் பாயும். தாடை உடைந்தவர்களும் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு.

அதற்குத்தானே ஸ்பிரிங் கம்ப்ரஸர்? உண்மைதான். உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டினால் இரவலாகவே கிடைக்கிறது. ஆனால் அது எத்தனை கை மாறி வந்தது, மரை எவ்வளவு தேய்ந்தது, கொக்கி வளைந்திருக்கிறதா என்று முதல்முறை தொடுகிறவருக்கு எப்படித் தெரியும்? இலவசம் என்பதாலேயே அதை எடுத்துக்கொண்டு போவது மோசமான கணக்கு.

இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றி, ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கு மட்டும் கடைக்குக் கொண்டுபோவது ஒன்று. ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்கி மாட்டுவது இன்னொன்று. விலை கூடுதல்தான். என்றாலும் கூலியில் பெரும்பகுதி மிச்சம், நடு நட் பக்கமே போக வேண்டாம்.

எந்த வழியானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். மிச்சக் கணக்குப் போடும்போது பலர் இந்தச் செலவை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.