1.6 மில்லிமீட்டர் போதுமா?



வட சென்னைக்கும் டயருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், 1961-இல் அதே ஊரில் டயர் உற்பத்தியையும் தொடங்கியது. இன்று இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை செல்லும் சாலைகளில், இரண்டு துறைமுகங்களுக்கும் சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றினிடையே கார்களும் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும், உங்களைப் போன்ற மாணவர்களின் சைக்கிள்களும் செல்கின்றன. எவ்வளவு பெரிய காரானாலும், ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நடைபெறுகின்றன.

ஆகவே டயரைப் பற்றிச் சட்டம் பேசுவதில் வியப்பில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி இதற்கென்றே உள்ளது. டயரில் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். தேய்ந்தோ வெட்டுப்பட்டோ உள்ளிருக்கும் நூல் தெரியக்கூடாது. எங்கும் வீக்கம் இருக்கக்கூடாது. பட்டன் என்று நாம் அழைக்கும் பள்ளங்களின் ஆழம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், கார் முதலிய பிற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது.

நல்ல விதிதான். ஆனால், காருக்குச் சொல்லப்பட்ட 1.6 மில்லிமீட்டர், நம் ஊரின் மழைக்காலத்துக்குப் போதாது என்பது என் கருத்து. ஏன் என்பதை உங்களுக்குத் தெரிந்த இயற்பியலைக் கொண்டே பார்ப்போம்.

"மொட்டை டயர்தான் நன்றாகப் பிடிக்கும்" என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வறண்ட சாலையைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. பந்தயக் கார்கள் பள்ளமே இல்லாத டயர்களில்தான் ஓடுகின்றன. ஆனால் மழை வந்தவுடன் அந்தக் கார்களும் பள்ளம் வெட்டிய டயர்களுக்கு மாறிவிடுகின்றன. பட்டன் இருப்பது உராய்வைக் கூட்டுவதற்காக அன்று, தண்ணீரை வெளியேற்றுவதற்காக.

எவ்வளவு தண்ணீர்? டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், சாலையில் நிற்கும் நீரின் உயரம் 2 மில்லிமீட்டர், காரின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொள்வோம். வேகம் நொடிக்கு 16.7 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 5.5 லிட்டர் வருகிறது. அதாவது ஒவ்வொரு முன்சக்கரமும் மூன்று நொடிக்கு ஒரு குடம் தண்ணீரை விலக்கித் தள்ள வேண்டும்! டயரின் ஒரு பகுதி தரையைத் தொட்டு எழுவதற்குக் கிடைக்கும் நேரமோ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான். பள்ளம் ஆழமாக இருந்தால் நீர் அதற்குள் புகுந்து வெளியேறும். தேய்ந்திருந்தால் போக வழியின்றி டயருக்கு அடியிலேயே நிற்கும்.

நிற்கும் நீர் டயரைத் தூக்கும். வேகமாக மோதும் நீரின் அழுத்தம் ½ρv². இது டயரின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது சக்கரம் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும். காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு காற்று இருந்தால் அது ஏறத்தாழ 2,27,500 பாஸ்கல். நீரின் அடர்த்தி 1000 என்று வைத்துக் கணக்கிட்டால், v நொடிக்கு 21.3 மீட்டர், அதாவது மணிக்கு 77 கிலோமீட்டர். 1960-களின் தொடக்கத்தில் நாசா அறிவியலாளர்கள் விமான டயர்களைச் சோதித்துக் கண்ட வாய்பாடு இதே அழுத்தத்துக்கு 96 கிலோமீட்டர் என்கிறது. பிடி குறையத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. காற்று 20 பவுண்டாக இறங்கிவிட்டால் அந்த 96, 75-ஆகிவிடும். 'சரியான காற்று' என்று விதி ஏன் வற்புறுத்துகிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சரக்கு லாரியின் டயரில் 100 பவுண்டுக்குக் குறையாமல் காற்று இருக்கும். ஆகவே அது எளிதில் மிதக்காது. "இவ்வளவு பெரிய லாரியே போகிறதே" என்று அதன் பின்னால் அதே வேகத்தில் போகும் கார்தான் முதலில் பிடியை இழக்கும்.

புதிய கார் டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். 1.6 என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த எண் மாற்றக்கூடாத இயற்கை விதியும் அன்று. பிரிட்டனில் 1 மில்லிமீட்டராக இருந்ததை 1992-இல் 1.6 ஆக உயர்த்தினார்கள். ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டர் வேண்டும். அவர்களுடைய பனிக்கு ஒரு தனி அளவு இருக்குமானால், நம் மழைக்கு ஒரு தனி அளவு ஏன் இருக்கக்கூடாது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை கார்களுக்கு 3 மில்லிமீட்டர் என்று வைக்கலாம் என்கிறேன்.

"டயர் என்ன விலை தெரியுமா?" என்று வாடகைக் கார் ஓட்டுபவர் கேட்பார். நியாயமான கேள்வி. 8 மில்லிமீட்டரில் தொடங்கி 1.6-இல் முடியும் டயருக்கு, 3-இலேயே ஓய்வு கொடுத்தால் அதன் ஆயுளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறோம். இது சிறிய தொகை அன்று. ஆனால் இந்த இழப்பு எல்லா டயருக்கும் நேராது. சனவரியில் 3 மில்லிமீட்டர் இருக்கும் டயர் கோடை முழுதும் ஓடி, சட்டத்தின் எல்லை வரை தேயலாம். மழைக்கு முன் அந்த நிலையை அடையும் டயரை மட்டும் சில வாரங்கள் முன்னதாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஈடாக, நனைந்த சாலையில் சில மீட்டர் முன்னதாகவே கார் நிற்கும். அந்தச் சில மீட்டரில் ஒரு சைக்கிள் நிற்கக்கூடும்.

எந்த அளவை வைத்தாலும் அளப்பவர் வேண்டும். வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு. சொந்தக் காருக்கோ ஒருமுறை பதிவு செய்தால் 15 ஆண்டுகள் செல்லும்; இடையில் அதன் டயரை யாரும் அளந்து பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. பெட்ரோல் பங்க்கில் காற்றுமானி இருப்பது போல ஓர் ஆழமானியும் இருக்கட்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

அதுவரை நீங்கள் அளக்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியின் மறுமுனையில் நீளும் மெல்லிய கம்பி ஆழத்தை அளப்பதற்கே உள்ளது. ஆசிரியரின் அனுமதியோடு, நிறுத்தி வைத்த காரின் டயரை, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். சுழிப்பிழையைக் கழிக்க மறவாதீர்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களிலும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. வெர்னியர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயரின் பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் சட்டத்தின் எல்லை வந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் அளவை வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்.