அடைக்கோழியைத் தண்டிப்பது தகுமா?

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டபின் அவ்விடத்தை விட்டு எழாமல் அடைக்கு உட்காருகிறது. முட்டை நின்றுவிடுகிறதே என்று அதனை நீரில் அமிழ்த்துவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் கைவிடத்தக்கது, குற்றம் கோழியினுடையதன்று.

முட்டையிடுவதா, அடைகாப்பதா என்பதைக் கோழி சில குறிகளைக் கொண்டே தீர்மானிக்கிறது. முட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்திருத்தல், அவை மார்பின் அடியில் படுதல், இருண்ட மறைவிடம், வெப்பம் ஆகியவை அக்குறிகளாம். இவற்றால் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பெருக, சினைப்பை சுருங்கி முட்டை நிற்கிறது. முட்டைகளைக் குவிய விடுகிறவரே கோழியை அடைக்கு அழைக்கிறார்.

ஆதலின் முட்டைகளை நாள்தோறும் எடுத்துவிடல் வேண்டும். அப்படியும் உட்காரும் கோழியை, மூங்கில் வரிச்சாலோ கம்பியாலோ அடிப்புறம் அமைத்த, வெளிச்சமும் காற்றும் உள்ள கூண்டில், தீனியும் நீரும் குறைவின்றி அளித்துச் சில நாட்கள் வைத்தால் அடைக்குணம் தணியும்.

எனினும் அக்குணத்தை அடியோடு ஒழிக்க முயல்வதும் அறிவுடைமையன்று. வெள்ளை லெகார்ன் இனம் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதன் முட்டைக்குக் குஞ்சு பொரிக்கும் இயந்திரமோ வேறு கோழியோ வேண்டும். இயந்திரம் இல்லாத வீட்டில் 21 நாட்கள் கூலியின்றி உழைப்பது நாட்டுக்கோழியே. நன்றாக அடைகாக்கும் கோழிகள் ஒன்றிரண்டை அப்பணிக்கென்றே வைத்துக்கொண்டு, மற்றவற்றை முட்டைக்கு விடுதல் நலம். கிராம அதிகாரிகள் தம் வீட்டிலேயே இதனைச் செய்து காட்டினால், ஊரார் பின்பற்றத் தாமதியார்.