குறும்புக்கு டி.சி.யா?



பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் செய்யாத குறும்பைப் பிள்ளைகள் பிறகு எப்போது செய்வார்கள்?

போன வாரம் உறவினர் ஒருவர் கலங்கிப்போய்ப் பேசினார். ஏழாம் வகுப்பு படிக்கும் அவர் மகன், கரும்பலகையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்துவிட்டான். ஆசிரியை எழுத எழுத சாக்பீஸ் வழுக்கியிருக்கிறது. "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறதாம் பள்ளி நிர்வாகம்.

எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16. அடிக்கவோ மனத்தை நோகடிக்கவோ கூடாது என்கிறது பிரிவு 17. உங்களில் ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறீர்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன செய்யலாம்? ஆசிரியையிடம் வருத்தம் தெரிவிக்கட்டும். பலகையை அவனே சுரண்டித் துடைக்கட்டும். சொரசொரப்பான பலகையில்தான் சாக்பீஸ் தேய்ந்து எழுதும், மெழுகு பூசினால் ஏன் வழுக்குகிறது என்று வகுப்புக்கு விளக்கட்டும். அவ்வளவு போதும்.

கோவில்பட்டிப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் நாம் பார்க்காத குறும்பா? தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர். மேசை டிராயரைத் திறந்தால் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு கரகரக்கும். வராத பையனுக்காக மூன்று நண்பர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று மூலையிலிருந்து "உள்ளேன் ஐயா" சொன்னதும் உண்டு. யார் என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். அது நட்பு.

ஆனால் எல்லாமே குறும்பாகிவிடாது. ஏமாந்தவரும் சேர்ந்து சிரித்தால் குறும்பு. அவர் தலைகுனிந்தால் அது கொடுமை. திக்கிப் பேசுகிறவனைப்போல் பேசிக்காட்டுவது குறும்பு இல்லை.

ஒருமுறை ஒரு பையனின் செருப்பைக் காணவில்லை. அவனிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். கேட்டபோது வகுப்பு வாய் திறக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஓட்டு மேல கிடக்கு சார்" என்றாள். நான்கு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் செருப்புக்காரனும் ஒளித்தவனும் அவள் பக்கத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அவள் செய்தது கோள் மூட்டல் அல்ல. அதுவும் நட்புதான், சேர்ந்து மௌனமாக இருப்பதைவிடக் கடினமான நட்பு.

இப்போது கையில் செல்போன் இருக்கிறது. அன்று ஒருவனுக்கு நேர்ந்த அவமானம் மணி அடித்ததும் கலைந்துவிடும். இன்று வீடியோவாகிவிட்டால் ஊரெல்லாம் சுற்றும். பிள்ளைகளிடம், "குறும்பு செய்யாதே" என்று சொல்லாதீர்கள். "உன் குறும்பில் யார் அழுவார்கள் என்று முதலில் யோசி" என்று சொல்லுங்கள்.

அந்த மூன்று "உள்ளேன் ஐயா"க்களும் இதைப் படித்தால் கீழே வருகையைப் பதிவு செய்யவும். இந்த முறை அவரவர் பெயருக்கு மட்டும்!