செத்தும் நாறாத புழு



இந்த இதழின் அட்டையில் ஒரு செத்த புழுவின் படத்தைப் போடலாமா என்று அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். செங்கல் நிறத்தில் தொளதொளவென்று கிடக்கிறது. செத்து நாளாகியும் அழுகவில்லை, நாறவில்லை. இருட்டறையில் கண் பழகும்வரை பொறுத்திருந்தால் மங்கலாக ஒளிரும். கடைசியில் நான்தான் வேண்டாம் என்றேன். படம் உள்ளே இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே புரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் கைகழுவிய பிறகு பாருங்கள்.

அந்தப் புழுவைக் கொன்றது ஃபோட்டோராப்டஸ் என்னும் பாக்டீரியா. நூற்புழு என்னும் மிகச் சிறிய புழுவின் குடலில் குடியிருந்து அதனோடு பூச்சிக்குள் நுழையும். நூற்புழு அதைக் கக்கியதும் இரண்டு நாளில் பூச்சி காலி. பிறகு வேறு கிருமி அண்டாதபடி பாக்டீரியா மருந்து சுரக்க, நூற்புழு அந்த உடலுக்குள்ளேயே குஞ்சும் குளுவானுமாகப் பெருகுகிறது. இவ்வகை நூற்புழுக்களில் ஒன்று நம் கோவைக்காரர்: கரும்பின் நுனிக்குருத்துப் புழுவில் கிடைத்து, 1992இல் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயர் பெற்றவர்.

இந்த பாக்டீரியா ஒரே குணத்தில் நிற்பதில்லை. இரண்டு வடிவங்கள் இருப்பதை 1980இல் எழுதியவர் ஆஸ்திரேலியாவின் ரே ஆக்ஹர்ஸ்ட். தட்டில் வளர்த்தால் முதல் வடிவம் நீலச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டாவது உறிஞ்சாது. பூச்சியைக் கொல்வதில் இரண்டும் சளைத்தவை அல்ல. ஆனால் இரண்டாம் வடிவம் மருந்து சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஒளியும் மங்கும், நூற்புழு அதை நம்பிப் பெருக முடியாது. பயிர்ப் பூச்சிகளை ஒழிப்பதற்காகத் தொட்டிகளில் நூற்புழு உற்பத்தி செய்கிறவர்களுக்கு இதுதான் தலைவலி. இரண்டாம் வடிவம் தலைகாட்டினால் விளைச்சல் படுத்துவிடும். கோவை நூற்புழு சுமக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்ஹர்ஸ்ட் பெயரையே வைத்திருப்பது பொருத்தம்தான்.

இத்தனைக்கும் இந்த இரு வடிவங்களின் டிஎன்ஏவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை; எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் மாற்றம். டிஎன்ஏவே புரளும் கதை தனி. 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கண்டது அது: ஒரு சிறு டிஎன்ஏ துண்டு தலைகீழாகத் திரும்பினால் கொலைகார பாக்டீரியா சிறுத்து, சாதுவாகி, மெல்ல வளர்ந்து, தாய் நூற்புழுவின் குடலில் ஒட்டிக்கொள்கிறது. திரும்பவும் புரண்டால் பழையபடி கொலைகாரன். 2003இல் முழுதாகப் படிக்கப்பட்ட ஃபோட்டோராப்டஸ் மரபுத்தொகுதியில், ஏறத்தாழ 57 லட்சம் எழுத்துகளுக்கு நடுவே, இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளும் ஏராளம். பிரான்சில் ஒரே குலத்தின் மாறுபட்ட வாரிசுகளை ஒப்பிட்டபோது, பெரிய பகுதி ஒன்று அப்படியே இரட்டித்திருந்ததும் தெரிந்தது. இதையெல்லாம் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உதவாக்கரை என்று கழித்துக்கட்டிய இரண்டாம் வடிவம்கூட, செடி வேர்களின் கசிவை நாடிப் போகிறது என்று ஜெர்மனி ஆய்வுகள் சொல்கின்றன. நூற்புழு கைவிட்டுப் போன பிறகு மண்ணில் பிழைக்க அது கண்ட வழியோ என்னவோ!

கரும்பு, வாழை, பாக்கு வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது வேர்ப்புழுவுக்கு நூற்புழு விட்டுப் பார்த்திருந்தால் எழுதுங்கள். வெயில் தாழ்ந்து விட்டீர்களா, மண்ணில் ஈரம் இருந்ததா, தோண்டிப் பார்த்தபோது செத்த புழு என்ன நிறம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்