அடுக்களைச் சிக்கனம்

கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்திலுள்ள ஊர். அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் வீணே எறிந்துவிடுவதில்லை. கொதிகலனில் இட்டு எரித்து, அதனால் எழும் ஆவிக்கும் கணக்கு வைக்கின்றன. ஆலைக்கு உள்ள இந்தக் கணக்கு அடுக்களைக்கு இல்லாதிருப்பது விந்தையே. நாள்தோறும் மும்முறை மூட்டப்படும் வீட்டு அடுப்பில் செலவாகும் உஷ்ணம் எவ்வளவு, வீணாவது எவ்வளவு என்று சர்க்காரும் கேட்பதில்லை, குடும்பத் தலைவரும் கேட்பதில்லை. மூன்று கல் வைத்து மூட்டும் விறகடுப்பில், எரியும் உஷ்ணத்தில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேர்ந்தாலே அதிகம். எஞ்சியது காற்றுக்குப் போகிறது; புகையோ சமைப்பவளின் மார்புக்குள் போகிறது.

இதைப்பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நாட்டுப்புற மாதர் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்கள், புதிய அடுப்பைக் கொடுத்தாலும் விறகை விடமாட்டார்கள் என்று படித்தவர்கள் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சாட்சியத்தை விசாரியாமல் சொல்லும் தீர்ப்பு இது. சாட்சியமோ தூரதேசத்தில் இல்லை. கள்ளக்குறிச்சிப் பிரதேசத்திலேயே இருக்கிறது.

குவாதமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ‘ஹாபின்’ என்ற பெயரால் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவில் அதை நடத்தியவர்கள் போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் தேர்ந்த இடங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். ஒரு பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பையும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை சிலிண்டரையும் இலவசமாக வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுபாதியினர் வழக்கம்போல் விறகு முதலியவற்றில் சமைத்தார்கள். பலன் என்ன? எரிவாயு பெற்ற மாதர் ஏறக்குறைய முற்றிலுமே விறகைக் கைவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகளின் அளவு கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தோருக்குச் சுமார் 71. மாதர் மாறமாட்டார்கள் என்ற வாதம் இத்துடன் தள்ளுபடியாகிறது. அவர்களைத் தடுத்து நின்றது பழக்கமன்று, விலையும் தூரமுமே.

இதே ஆராய்ச்சியின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அடுப்பை மாற்றியதால் குழந்தைகளின் பிறப்பு எடை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று 2022-இல் வெளியான முடிவு கூறுகிறது. நிமோனியா ஜுரமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எரிவாயு சர்வரோக நிவாரணி என்று யாரும் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் கண்ணெரிச்சலும் இருமலும் விறகுச் சுமையும் நீங்குவதற்குக் குழந்தையின் எடையையா சாட்சிக்கு அழைக்க வேண்டும்? புகையற்ற அடுக்களை என்பது மாதருக்குத் தம்மளவிலேயே உரியதொரு பாத்தியதை.

இவ்விஷயத்தில் நம் நாட்டின் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் புகையில்லா அடுப்பொன்றை உருவாக்கியது. 1980-கள் முதல் மத்திய சர்க்கார் சீர்திருத்த அடுப்புகளை நாடெங்கும் கோடிக்கணக்கில் அமைத்தது. 2002-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. அமைத்த அடுப்புகளை எண்ணினார்களேயன்றி, எரிகின்ற அடுப்புகளை எண்ணவில்லை. குழாய் அடைபட்டது, மண் வெடித்தது. பழுது பார்க்க ஆளில்லை. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் 10 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புத் தந்தது பெரிய காரியமே. ஆயினும் இணைப்பு ஒன்று, இரண்டாம் சிலிண்டர் வேறொன்று. முதற் சிலிண்டர் காலியானபின் அடுப்பு அலங்காரப் பொருளாகுமானால், பழைய பிழையே புது உடுப்பில் வந்திருக்கிறதென்று பொருள்.

மறுபுறம், நமது ராஜ்யத்தில் வெற்றி கண்ட உதாரணமும் உண்டு. 2011-இல் தமிழ்நாட்டு சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, இது ஓட்டுக்கு விரித்த வலை என்று பலர் இகழ்ந்தனர். அந்த எண்ணமும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் ஆட்டுக்கல்லின் முன் தோள் நோக நின்ற கைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். எரிபொருட் சிக்கனத்தைப் பேசுவோர் மனித சக்தியின் சிக்கனத்தை மறத்தலாகாது.

இனி, குடும்பத்தார் எதைத் தேர்வது? கணக்கு எளிது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று நல்ல அடுப்பில் தரும் பயனை இண்டக்‌ஷன் அடுப்பில் பெறச் சுமார் 145 யூனிட் மின்சாரம் வேண்டும். சிலிண்டருக்குத் தாம் கொடுக்கும் விலையை 145-ஆல் வகுத்துப் பார்த்து, வரும் தொகையைத் தமது மின்சாரக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் எது மலிவென்பது தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் பாலும் வெந்நீரும் காய்ச்சினால் இரண்டு மாதத்துக்குப் 12 யூனிட். அதனால் ஒரு கிலோவுக்கு மேல் எரிவாயு மிச்சம். யூனிட்டுகள் ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறுமாதலால், முழுச் சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றுமுன் யோசிப்பது நலம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடி தட்டையான இரும்பு அல்லது அதற்கென்றே செய்த எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். மண்சட்டியும் வெறும் அலுமினியமும் அதில் சூடேறா. களி கிண்டும் உருண்டைப் பானைக்கு எரிவாயுவே ஏற்றது.

எரிவாயு அடுப்பு வாங்குவோர் இந்தியத் தரநிர்ணய முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்; உஷ்ணத்தில் 68 சதவிகிதமேனும் பாத்திரத்துக்குச் சேரவேண்டுமென்பது அதன் விதி. எல்லாவற்றுக்கும் முன்னதாக வாங்கவேண்டியது பிரஷர் குக்கர். தண்ணீர் கொதித்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு கூடுவதில்லை, ஆவியே கூடும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கிப் போக்கச் செலவாகும் உஷ்ணம், அதைக் கொதிநிலைக்குக் கொணரும் உஷ்ணத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல். மூடாத பானை பணத்தை ஆவியாக்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. பருப்பை முன்னதாக ஊறவைப்பதும், கொதி வந்ததும் தீயைத் தணிப்பதும், பாத்திரத்தை மூடுவதும் காசு கேளாத சிக்கனங்கள்.

ஆனால் சிக்கனத்தை மாதருக்கு உபதேசித்துவிட்டுச் சர்க்கார் ஓய்ந்திருப்பது நியாயமன்று. நாட்டுக்கு வேண்டிய எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. கடலுக்கப்பால் எழும் கலகம் நம் அடுப்படியை எட்டுகிறது. மின்சாரமே முழு மாற்று என்றும் சொல்லிவிட முடியாது. அனல் நிலையத்தில் நிலக்கரியின் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் பெருகப் பெருக அக்குறை நீங்கும். 2023-இல் மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கன நிறுவனம் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. அவை நகரத்து அடுக்களைகளோடு நின்றுவிடலாகாது.

நமது கோரிக்கைகள் மூன்றே. மலைக் குக்கிராமங்களுக்குச் சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வரவேண்டும், 14.2 கிலோவுக்கு ஒரே தவணையில் பணம் திரட்ட இயலாதார்க்கு 5 கிலோ சிலிண்டர் தடையின்றிக் கிடைக்கவேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பைத் தாங்கும் அழுத்தத்துடன் மின்சாரம் வேண்டும். கொடுத்த இணைப்புகளின் தொகைக்குப் பதிலாக, நிரப்பிய சிலிண்டர்களின் தொகையை ஜில்லா நிர்வாகம் ஊர் வாரியாக ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். வழி திறந்திருந்தால் தங்கள் மாதர் அதில் நடப்பார்கள் என்று கள்ளக்குறிச்சி உலகுக்கே நிரூபித்துவிட்டது. ஆராய்ச்சிக்காகச் சில நூறு வீடுகளுக்குத் திறந்த அவ்வழியை எல்லா வீடுகளுக்கும் திறந்துவைப்பது சர்க்காரின் கடமை.