ஜோடியைப் பிரிக்காதீர்: பழைய ஸ்பீக்கர் ரசிகர்களின் பிரகடனம்

நல்ல ஒலி கேட்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று இதன்மூலம் அறிவிக்கிறோம். சென்னை ரிச்சி தெருவின் உள்சந்துகளிலும், காயலான் கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்களின் பரண்களிலும் 1970, 80-களின் ஸ்டீரியோ பெட்டிகள் இன்னும் கிடைக்கின்றன. சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ். அதிர்ஷ்டம் இருந்தால், வளைகுடாவிலிருந்து யாரோ சுமந்துவந்த ஒரு சோனி, ஒரு பயனியர். கனத்த மரப்பெட்டி, காகிதக் கோன், பெரிய காந்தம். இவற்றில் பலவற்றுக்கு வந்திருப்பது தீரக்கூடிய நோய்தான். அவற்றை வாங்கி, இணை சேர்த்து, பேணிக் கேட்கிறவர்கள் நாங்கள். இயக்கத்துக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர்ப்பலகைக்கு ஆகும் செலவில் ஒரு ஜோடி ஊஃபருக்கு ஃபோம் மாற்றிவிடலாம்.

எங்கள் முதல் கொள்கை: ஸ்டீரியோ ஸ்பீக்கர் என்பது ஒரே பொருள், இரண்டு பெட்டிகளில் இருக்கிறது, அவ்வளவுதான். இடமும் வலமும் ஒன்றுபோல ஒலித்தால்தான், நடுவே எதுவுமே இல்லாத இடத்தில் பாடகர் வந்து நிற்பார். 1978-இல் 'ப்ரியா' படப் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவுசெய்தவர்கள் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வாத்தியங்களைப் பிரித்து வைத்தார்கள். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டியை வடிவமைத்தபோது, எந்த இரண்டை எடுத்து வைத்தாலும் ஒன்றுபோல ஒலிக்கவேண்டும் என்று தயாரிப்பாளர்களை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பெட்டியின் விலை இன்று லட்சத்தைத் தாண்டுகிறது, எங்களுக்கு வேண்டாம். அந்தக் கண்டிப்பு வேண்டும்.

ஆகவே, மலிவாகக் கிடைத்ததே என்று ஒற்றைப் பெட்டியை வாங்கி இன்னொரு கம்பெனிப் பெட்டிக்குக் கட்டிவைப்பதை ஏற்கமாட்டோம். பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பங்கு போடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். (சிரிக்காதீர்கள், நடக்கிறது.) ஒரு பக்க ஊஃபருக்கு ஃபோம் மாற்றினால் மறுபக்கத்துக்கும் மாற்றவேண்டும். கிராஸ்ஓவரில் காய்ந்துபோன கண்டென்சரை மாற்றும்போதும் அப்படியே: இரண்டிலும் ஒரே மதிப்பு, ஒரே வகை.

வாங்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் வயர் கையில் இருக்கட்டும். கடைக்காரர் "ஒரிஜினல் சார், சும்மா அதிரும்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும் பெட்டி மீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. முள் அசையவே இல்லை என்றால் ஊஃபரின் காயிலோ உள்ளே ஒரு வயரோ அறுந்திருக்கிறது. பிறகு பேட்டரியின் இரு முனைகளையும், பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக, பெட்டியின் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஊஃபர் கோன் அசையும். இரண்டு பெட்டியிலும் ஒரே திசையில் அசையவேண்டும். ஒன்று முன்னே வந்து மற்றது உள்ளே போனால், எப்போதோ ரிப்பேர் செய்த ஒருவர் வயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். அப்படியே ஓடவிட்டால் பாஸ் காணாமல் போகும். அடுத்து, விரல்களைக் கோனின் மீது சமமாகப் பரப்பி மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் இடம் பெயர்ந்திருக்கிறது, விட்டுவிடலாம். ஃபோம் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்கிறதா? முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். அது நோயல்ல, பேரம் பேச ஒரு வாய்ப்பு. நீர் இறங்கி ஊதிப்போன பெட்டிக்குத்தான் மருந்தில்லை. போர்ட் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும் மறக்கவேண்டாம், எலி குடியிருக்கும்.

வாட்ஸ் மாயையை அடியோடு நிராகரிக்கிறோம். உள்ளங்கை அகல செட்டின் மீது ஆயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டி விற்ற காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், ஏமாந்தது போதும். பார்க்கவேண்டியது சென்சிட்டிவிட்டி: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரு மடங்கு சக்தி தேவை. 92 டெசிபல் பெட்டி 10 வாட்ஸில் போடும் சத்தத்தை எட்ட, 82 டெசிபல் பெட்டிக்கு 100 வாட்ஸ் வேண்டும். கையிலிருப்பது சின்ன ஆம்ப் என்றால் தேடவேண்டிய பெட்டி எது என்பது இதிலேயே தெரிந்துவிடும். சின்ன ஆம்பின் வால்யூமைக் கடைசிவரை திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் கருகுவது ட்வீட்டர்தான். 8 ஓம்ஸுக்கென்று செய்த ஆம்பில் 4 ஓம்ஸ் பெட்டியை மாட்டுவதும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் 1960-களின் மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், பெட்டிகளை நகர்த்தாமல் ஆம்பின் பின்னால் வயர்களை மட்டும் இடவலம் மாற்றுங்கள். குரலும் பக்கம் மாறினால் குறை ஆம்பில். மாறாவிட்டால் பெட்டியில், அல்லது அறையில். இதற்கு நயாபைசா செலவில்லை.

பராமரிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஃபோமை அரிப்பது ஈரக்காற்றும் வெயிலும்; கடற்கரை ஊர்களில் இரண்டுமே தாராளம். ஜன்னலோரமும் வெறுந்தரையும் ஆகாது. கோனில் எண்ணெய், பாலிஷ் எதுவும் படக்கூடாது. வயர் எலெக்ட்ரிக்கல் கடையின் சாதாரணச் செம்பு வயரே போதும். தங்க முலாம் பூசிய வயருக்குக் கொடுக்கும் காசைத் தயவுசெய்து கோன் கட்டுபவரிடம் கொடுங்கள்.

அவரைப் பற்றியும் ஒரு கொள்கை உண்டு. கடைக்காரரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். காயிலை மையம் பார்த்து ஒட்டித் தருபவரிடம் பேசக்கூடாது. கேட்ட கூலியை முழுதாகக் கொடுக்கவேண்டும். அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் எங்கள் பெட்டிகளெல்லாம் வெறும் மரச்சாமான்.

சேருவதற்குச் சந்தா கிடையாது. வீட்டில் ஒற்றையாகக் கிடக்கும் பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பினால் போதும். அதன் இணை வேறொருவர் பரணில் அகப்பட்டால், ஜோடி யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வோம். ஜெயித்தவர் தோற்றவருக்குப் பெட்டியின் விலையையும், அதற்கு ஏற்கெனவே ஆன ரிப்பேர் செலவையும் அன்றைக்கே எண்ணி வைத்துவிட வேண்டும்.